நிலாவில் ஒரு கிலோ சாளை வாங்கினால்

தக்கலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். "நிறை எங்கே போனாலும் மாறாது, எடை இடத்துக்கு இடம் மாறும், நிலாவில் எடை ஆறில் ஒரு பங்கு" என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் அப்பாவோடு மீன் வாங்கப் போன இடத்தில் அவள் கேட்டாளாம்: "அப்போ நிலாவுல ஒரு கிலோ சாளை வாங்கினா, இங்க கிடைக்கிற அளவுதான் கிடைக்குமா, இல்ல ஆறு மடங்கு கிடைக்குமா?" தம்பிக்குப் பதில் சொல்ல வரவில்லை. கூடவே அவருக்கும் ஒரு சந்தேகம். கடைக்காரர் எடையைக் கிலோவில் சொல்கிறார், பாடப்புத்தகம் எடையை நியூட்டனில் எழுதச் சொல்கிறது. இதில் யார் செய்வது தப்பு?

தம்பி, முதலில் பிள்ளையிடம் என் பாராட்டைச் சொல்லுங்கள். முப்பது வருஷத்துக்கு மேல் இயற்பியல் நடத்தியிருக்கிறேன். "நிறை, எடை வேறுபடுத்துக" என்ற கேள்விக்கு இரண்டு பத்தி போட்டு அழகாக எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்த வேறுபாட்டை மீன் கடைக்குக் கொண்டுபோய்ப் பார்த்த பிள்ளை இவள்தான். நான் கண்ட வரையில் வேறு யாரும் இல்லை.

அவள் கேள்விக்குப் பதில், அங்கே எந்தத் தராசில் நிறுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

பழைய தட்டுத் தராசு என்றால் இங்கே கிடைக்கிற அளவேதான் கிடைக்கும். ஒரு தட்டில் மீன், இன்னொரு தட்டில் ஒரு கிலோ எடைக்கல். நிலா மீனை ஆறில் ஒரு பங்கு விசையோடு இழுக்கிறது. கல்லையும் அதே ஆறில் ஒரு பங்கு விசையோடுதான் இழுக்கிறது. முள் நடுவில் நிற்கும். செவ்வாய்க்குப் போனாலும் வியாழனுக்குப் போனாலும் அப்படியேதான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கூடிக் குறைவதால் ஈர்ப்பு கணக்கிலிருந்தே கழிந்துவிடுகிறது.

இப்போது எல்லாக் கடையிலும் இருக்கிற எலக்ட்ரானிக் தராசு என்றால் கதை வேறு. அந்தப் பெட்டிக்குள் ஒரு உலோகத் துண்டு இருக்கிறது. மேலே வைக்கிற பொருள் அழுத்தும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அந்த வளைவை மின்சாரமாக மாற்றி, எண்ணாக்கிக் காட்டுகிறார்கள். ஆக, அது அளப்பது அழுத்துகிற விசையை, அதாவது எடையை. அந்த விசையை பூமியின் இழுப்பால் வகுத்துக் கிலோவாகக் காட்டும்படி அதைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். பூமியில் பழக்கிய அந்தப் பெட்டியை நிலாவில் வைத்து "1.000" என்று வரும்வரை சாளையை அள்ளிப் போட்டால், தட்டில் ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலேயே மீன் இருக்கும். செவ்வாயில் ஏறக்குறைய 2 கிலோ 600 கிராம். வியாழனின் ஈர்ப்பில் 400 கிராம்கூடத் தேறாது, வாங்குகிறவர் கையில் பை காற்றாடும்.

நம் ஊரில் மீன் விற்கும் அம்மாமார் கூறு கட்டி விற்கிறார்களே, அதற்கு எந்தக் கிரகத்திலும் தராசே வேண்டாம். கூறில் இருபது சாளை என்றால் எங்கேயும் இருபதுதான். நிறை என்பதும் ஏறக்குறைய அந்த மாதிரி ஒரு கணக்கு. ஒரு பொருளுக்குள் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பது அது. இடம் மாற்றினால் சரக்கு கூடாது, குறையாது.

அடுத்து உங்கள் சந்தேகம். கடைக்காரரும் தப்பில்லை, புத்தகமும் தப்பில்லை. கிலோகிராம் நிறையின் அலகு. 1889 முதல் பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு பிளாட்டினம்-இரிடியம் உருளையை வைத்து, அதுதான் ஒரு கிலோ என்று உலகம் ஒத்துக்கொண்டிருந்தது. அதன் நகல்களில் 57ஆம் எண் நகல் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. 2019 மே 20 முதல் உருளையை விட்டுவிட்டு, பிளாங்க் மாறிலி என்ற, இயற்கையில் மாறாத ஓர் எண்ணை வைத்துக் கிலோவை வரையறுக்கிறார்கள். இரண்டு வரையறையிலும் சொல்லப்படுவது நிறைதான். கடையில் நாம் காசு கொடுப்பதும் நிறைக்குத்தான், பேச்சில் மட்டும் அதை எடை என்கிறோம். புத்தகம் எடை என்று சொல்வது ஈர்ப்பு இழுக்கிற விசையை. விசைக்கு அலகு நியூட்டன். ஒரு கிலோ நிறையை பூமி 9.8 நியூட்டன் விசையோடு இழுக்கிறது, நிலா 1.62 நியூட்டன் விசையோடு இழுக்கிறது. தேர்வில் எடையைக் கிலோவில் எழுதினால் மதிப்பெண் போகும். கடையில் "அண்ணே, பத்து நியூட்டன் சாளை கொடுங்க" என்று கேட்கவும் வேண்டாம்.

இந்த இரண்டு சொற்களையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எடை என்பது 'எடு' என்பதிலிருந்து வந்தது. எடுத்துத் தூக்கும்போது கை உணர்வது எடை. நிறை என்பது 'நிறு' என்பதிலிருந்து வந்தது. தராசில் நிறுத்துக் கண்டுபிடிப்பது நிறை. பழைய வழக்கில் இரண்டையும் ஒன்றுபோலத்தான் புழங்கினார்கள், பாடப்புத்தகம் எழுதியவர்கள்தான் பிரித்துக் கொடுத்தார்கள். ஆனால் பிரித்தவர்கள் சரியாகப் பிரித்திருக்கிறார்கள். கைக்குத் தெரிவது விசை, தட்டுத் தராசுக்குத் தெரிவது சரக்கு. பிள்ளைக்கு எது எது என்று குழம்பினால் இந்த 'எடு', 'நிறு' இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இதுவரை சொன்னது வரையறை. இதோடு நிறுத்தினால் நிறை என்பது புத்தகத்தில் மட்டும் இருக்கிற ஏதோ ஒன்று என்று தோன்றிவிடும். எடையைத்தான் நாம் உணர்கிறோம், நிறையை யார் உணர்ந்தது என்று பிள்ளை அடுத்துக் கேட்பாள். கேட்கவும் வேண்டும்.

ஒரு முறை மாணவர்களைச் சின்னமுட்டம் துறைமுகத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். ஒரு விசைப்படகு மெதுவாக, நடக்கிற வேகத்தைவிடவும் மெதுவாக, சுவரை நோக்கி ஒதுங்கிக்கொண்டிருந்தது. ஒரு பையன் அதைத் தடுத்துவிடலாம் என்று சுவர் ஓரத்தில் உட்கார்ந்து காலை நீட்டினான். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒரே சத்தம்: "கால எடு மக்கா!" பையன் காலை இழுத்துக்கொண்டான். அடுத்த நொடி படகு சுவரில் கட்டியிருந்த டயரில் மோதி, டயர் அப்பளம் மாதிரி நசுங்கி, பிறகுதான் விரிந்தது.

அந்தப் படகின் எடை முழுவதையும் தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. ஒரு ஆள் நின்று நிதானமாகத் தள்ளினால்கூட அது நகரும், ஆனால் எவ்வளவு நேரம் தள்ள வேண்டும் என்று தள்ளியவர்களுக்குத் தெரியும். நகர்ந்துவிட்டால் லேசில் நிற்காது. தள்ளும்போது நகர மாட்டேன் என்று அடம்பிடிப்பதும், நகர்ந்த பிறகு நிற்க மாட்டேன் என்று அடம்பிடிப்பதும் நிறை. வலை பிரித்துக்கொண்டிருந்த அந்தப் பெரியவர் நிறையை அறிந்தவர், அதனால்தான் அப்படிச் சத்தம் போட்டார். நிலாவிலும் மற்ற கிரகங்களிலும் நடப்பது இதுதான். எடை மாறும், அடம் மாறாது.

நிலாவில் 50 கிலோ அரிசி மூட்டையைத் தூக்குவது, இங்கே எட்டு கிலோவைத் தூக்குவது மாதிரி சுளுவாக இருக்கும். ஆனால் யாராவது அந்த மூட்டையை உங்கள் மேல் வேகமாக எறிந்தால், நெஞ்சில் விழுகிற இடி இங்கே விழுகிற அதே 50 கிலோ இடிதான். நிலாவில் நடந்தவர்களும் இதை உடம்பால் அறிந்தவர்கள். 1972இல் அப்போலோ 16 பயணத்தில் சார்லஸ் டியூக் உயரம் தாண்டிப் பார்க்க ஆசைப்பட்டுத் துள்ளினார். எடை ஆறில் ஒன்றுதானே, நன்றாகவே எழும்பினார். ஆனால் முதுகில் கட்டியிருந்த உயிர்காப்புப் பையின் நிறை அப்படியே இருந்தது. உடம்பு பின்பக்கம் சாய்ந்து, அந்தப் பையின் மேலேயே மல்லாந்து விழுந்தார். பை உடைந்திருந்தால் உயிர் போயிருக்கும்.

ஆனால் நம் மாவட்டத்துப் பிள்ளைக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் விக்ரம். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலாவில் இறங்கிய சந்திரயான்-3இன் தரையிறங்கு கலம். அன்று மாலை ஆறு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோமே, அந்தப் பத்தொன்பது நிமிடத்துக்குள் நிறை-எடைப் பாடம் முழுவதும் இருக்கிறது.

பிரக்யான் வண்டியின் 26 கிலோவையும் எரிபொருளையும் சேர்த்து விக்ரமின் நிறை புறப்படும்போது 1,752 கிலோ. இங்கே அதன் எடை சுமார் 17,170 நியூட்டன். நிலாவில் 2,840 நியூட்டனுக்குக் கொஞ்சம் குறைவு. அதன் அடியில் நான்கு பெரிய எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 800 நியூட்டன் உந்தும். நான்கும் சேர்ந்து 3,200. கணக்கைப் பாருங்கள். ஆரல்வாய்மொழிப் பொட்டலில் விக்ரமை வைத்து நான்கு எஞ்சினையும் முழு வேகத்தில் எரித்தாலும் அது தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்பாது. நிலாவிலோ அந்த 3,200 போதும், மிஞ்சவும் செய்யும். செப்டம்பர் 3 அன்று எஞ்சினை மறுபடி எரித்து, விக்ரமை 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு எழுப்பிப் பக்கத்திலேயே இறக்கிக் காட்டினார்கள். எடை குறைவு தந்த சலுகை அது.

நிறை அப்படிச் சலுகை எதுவும் தரவில்லை. இறங்கத் தொடங்கியபோது விக்ரம் நிலாத் தரைக்கு 30 கிலோமீட்டர் மேலே, நொடிக்கு 1.68 கிலோமீட்டர் வேகத்தில், கிடைமட்டமாகப் பாய்ந்துகொண்டிருந்தது. மணிக்கு 6,000 கிலோமீட்டருக்கு மேல். காற்று இல்லாத இடம், பாராசூட் விரித்துப் பயனில்லை. அந்த வேகத்தை எஞ்சினை எதிர்த்திசையில் எரித்துத்தான் அடக்க வேண்டும். 1,752 கிலோ நிறையின் வேகத்தை ஒவ்வொரு நொடியும் ஒரு மீட்டர் வீதம் குறைக்க 1,752 நியூட்டன் விசை வேண்டும். பூமிக்குப் பக்கத்தில் என்றாலும் அதே 1,752, நிலாவுக்குப் பக்கத்தில் என்றாலும் அதே 1,752. ஈர்ப்பு ஆறில் ஒன்று என்பதால் இதில் ஒரு நியூட்டன்கூடக் கழியாது. அதனால்தான் அந்த முதல் கட்டத்துக்கு மட்டும் ஏறக்குறைய 690 நொடி, பதினொரு நிமிடத்துக்கும் மேலே, எஞ்சின்கள் எரிய வேண்டியிருந்தது. விக்ரம் சுமந்து போன எரிபொருளில் பெரும்பகுதி போனது இந்த அடத்தை அடக்கத்தான்.

உந்து எஞ்சின்கள் திரவ உந்து அமைப்புகள் மையத்தின் பொறுப்பு. அப்போது அதன் இயக்குநர் நம் மேலகாட்டுவிளையில் பிறந்த வி. நாராயணன். 2025 ஜனவரியிலிருந்து இஸ்ரோவின் தலைவரும் அவர்தான். அவருக்கு முன்னால், 2018 முதல் 2022 வரை அந்த நாற்காலியில் இருந்த கே. சிவன் சரக்கல்விளைக்காரர். உங்கள் பிள்ளை தக்கலையில் இருந்துகொண்டு இப்படிக் கேட்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை, சந்தோஷம்தான்.

சரி, மற்ற கிரகங்கள். இங்கே குளியலறைத் தராசில் 60 கிலோ காட்டுகிற ஒருவர் அதே தராசை எடுத்துக்கொண்டு போனால் நிலாவில் 10, புதனிலும் செவ்வாயிலும் 23க்குக் கொஞ்சம் குறைவு, வெள்ளியில் 54, வியாழனில் 152, சனியில் 64, யுரேனஸில் 54, நெப்டியூனில் 68 காட்டும். வியாழன் முதலான நான்கு பெரிய கிரகங்களுக்கும் நிற்கத் தரை கிடையாது, மேகங்களின் மேல்மட்டத்தை வைத்துச் சொல்கிற கணக்கு இது. எங்கே நின்றாலும் அவருடைய நிறை 60 கிலோதான். வியாழனுக்குப் போனால் குண்டாகிவிட மாட்டோம்.

இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆனால் இதில் இரண்டு இடத்தில் பிள்ளை நின்று யோசிக்க வேண்டும். சனி பூமியைப்போல 95 மடங்கு நிறை உள்ளது. 60 கிலோக்காரர் அங்கே 5,700 காட்ட வேண்டாமா? காட்டுவது 64. காரணம், சனி அவ்வளவு பெரியது. அதன் ஆரம் பூமியைப்போல ஒன்பது மடங்குக்கு மேல், அதனால் அதன் மேல்மட்டத்தில் இருப்பவர் நடு மையத்திலிருந்து அவ்வளவு தள்ளி இருக்கிறார். தூரம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கில் ஒன்று, ஒன்பது மடங்கானால் எண்பத்தொன்றில் ஒன்று. நிறை கொடுத்ததையெல்லாம் தூரம் பிடுங்கிக்கொள்கிறது. அதேபோலச் செவ்வாயின் நிறை புதனைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆனால் இரண்டிலும் நம் எடை ஒன்றே. புதன் சின்னது, உள்ளே பெரிய இரும்புக் கருவோடு நெருக்கி அடைத்தது. செவ்வாய் அவ்வளவு நெருக்கம் இல்லாமல் பரந்து கிடக்கிறது. நாம் நிற்கிற இடத்தில் எடையை முடிவு செய்வது கிரகத்தின் நிறையும் அதன் ஆரமும் சேர்ந்துதான்.

எடை மாறுவதைப் பார்க்க வேறு கிரகத்துக்குப் போகவும் வேண்டியதில்லை. பூமி சுழல்வதால் நடுவில் கொஞ்சம் புடைத்திருக்கிறது. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், 8 பாகையில் இருக்கிறோம். கன்னியாகுமரியில் ஈர்ப்பு முடுக்கம் சுமார் 9.781, டெல்லியில் சுமார் 9.791, துருவத்தில் 9.832. நாகர்கோவில் நகைக்கடை ஒன்றில் சரிபார்த்த எலக்ட்ரானிக் தராசை அப்படியே டெல்லிக்குக் கொண்டுபோய் ஒரு கிலோ எடைக்கல்லை வைத்தால், ஏறக்குறைய ஒரு கிராம் கூடுதலாகக் காட்டும். துருவத்தில் ஐந்து கிராம். நுட்பமான தராசுகளை, அவை வேலை செய்யப் போகிற ஊரிலேயே எடைக்கல் வைத்துச் சரிசெய்வது இதற்காகத்தான். இதை முதலில் பிடித்துக் கொடுத்தது ஒரு கடிகாரம். 1672இல் பிரான்சிலிருந்து தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் இருக்கிற கயென் ஊருக்குப் போன ழான் ரிஷேர் என்ற வானியலாளர், பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே ஒரு நாளைக்கு இரண்டரை நிமிடம் பின்தங்குவதைக் கண்டார். ஊசலை இழுக்கிற ஈர்ப்பு அங்கே குறைவு. பூமி நடுவில் புடைத்தது என்ற தன் வாதத்துக்கு நியூட்டன் அந்த நிமிடங்களையும் சான்றாக எடுத்துக்கொண்டார்.

நம் கடலிலேயே இன்னொரு அதிசயம் இருக்கிறது. குமரிமுனைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஒரு பெரிய பரப்பில், பூமியின் ஆழத்தில் சரக்கு கொஞ்சம் குறைவு. அதனால் இழுப்பும் குறைவு, தண்ணீர் சுற்றுப் பக்கம் இழுபட்டுப் போயிருக்கிறது. அங்கே கடல்மட்டம், பூமியின் சீரான வடிவத்தை வைத்துக் கணக்கிட்ட மட்டத்தைவிட 106 மீட்டர் தாழ்வு. நம் திருவள்ளுவர் சிலை பீடத்தோடு 133 அடி, அதைப்போல இரண்டரைச் சிலை உயரம். கப்பலில் போகிறவர்களுக்குப் பள்ளம் எதுவும் தெரியாது, ஏனென்றால் அங்கே அதுதான் சமதளம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2023இல் வந்த ஓர் ஆய்வு, ஆழத்தில் கிடக்கிற சூடான, அடர்த்தி குறைந்த பாறைப் பொருளை இதற்குக் காரணமாகச் சொல்கிறது.

அப்புறம் ஒரு தப்பு எண்ணத்தைத் திருத்திவிடுகிறேன். விண்வெளி நிலையத்தில் மிதக்கிறார்களே, அங்கே ஈர்ப்பு இல்லை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு தரையில் இருப்பதில் ஏறக்குறைய 89 சதவீதம். அவர்களும் நிலையமும் சேர்ந்து பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருக்கிறார்கள். தராசும் கூடவே விழுவதால் அதை அழுத்த ஆள் இல்லை. திருவிழா ராட்டினம் சட்டென்று இறங்கும்போது வயிற்றில் ஒரு நொடி வருகிற அந்த உணர்வு அவர்களுக்கு மாதக்கணக்கில்.

அப்படியானால் அங்கே மெலிந்தோமா பருத்தோமா என்று எப்படிப் பார்ப்பது? தட்டுத் தராசும் வேலை செய்யாது, எலக்ட்ரானிக் தராசும் செய்யாது. 1973இல் ஸ்கைலேப் நிலையத்திலேயே இதற்கு வழி கண்டார்கள். ஸ்பிரிங்கில் பொருத்திய ஒரு நாற்காலியில் ஆளை உட்காரவைத்து ஆடவிட்டார்கள். நிறை கூடினால் ஆட்டம் மெதுவாகும், குறைந்தால் வேகமாகும். ஆட்ட நேரத்தை எடுத்தால் நிறை கிடைத்துவிடும்.

இது உங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கிற சோதனை, தம்பி. பிள்ளை குழந்தையாக இருந்தபோது கட்டிய ஸ்பிரிங் தொட்டில் பரணில் கிடந்தால் எடுத்து மாட்டுங்கள். குழந்தையை வைத்துச் செய்ய வேண்டாம், அரிசிப் பை போதும். ஸ்பிரிங் நன்றாக விரிகிற அளவுக்கு, 5 கிலோ என்று வைத்துக்கொள்வோம், பையைத் தொட்டிலில் வைத்து மெதுவாகக் கீழே இழுத்து விட்டு, மேலும் கீழுமாகப் பத்து ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று போனில் பாருங்கள். பிறகு 10 கிலோ வைத்துப் பாருங்கள். நேரம் ஏறக்குறைய 1.4 மடங்கு ஆகும். தொட்டில் துணியும் ஸ்பிரிங்கும் தங்கள் நிறையைச் சேர்ப்பதால் கொஞ்சம் குறைவாகவே வரும். நாலைந்து அளவுக்கு எடுத்து பிள்ளை ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளட்டும். அப்புறம் ஒரு தேங்காயை வைத்து ஆட்டி, தராசே இல்லாமல் அதன் நிறையைச் சொல்லச் சொல்லுங்கள். தேங்காய் ஒன்று ஸ்பிரிங்கை விரிக்கப் போதாது, அந்த 5 கிலோவோடு சேர்த்து வைக்க வேண்டும். அந்தத் தொட்டிலை நிலாவில் மாட்டினால் ஸ்பிரிங் குறைவாகத்தான் தொங்கும், ஆனால் அது விரியத் தொடங்கிவிட்டால் பத்து ஆட்டத்துக்கு ஆகிற நேரம் தக்கலையில் ஆன அதே நேரம்தான்.